மாதனூர் லாரிகளும் என் பழைய சிட்டி வீடெக்கும்

போன வாரம் சத்துவாச்சாரியில் ஒரு கல்யாண வரவேற்பு. சாப்பிட்டுவிட்டு வெளியே வந்தால் என் வண்டியைச் சுற்றி நாலைந்து பையன்கள் நிற்கிறார்கள். 2002 ஹோண்டா சிட்டி, 1.5 லிட்டர் வீடெக் (எஞ்சின் வேகமாகச் சுழலும்போது வால்வுகளை இன்னும் அதிகமாகத் திறக்கும் ஹோண்டாவின் ஏற்பாடு), டிஎன் 23 பதிவு. ஒருவன் பானெட்டைத் திறந்து காட்டச் சொன்னான். காட்டினேன். "இதாண்ணா ஒரிஜினல். இதுக்கப்புறம் வந்த சிட்டி எல்லாம் சும்மா" என்றான். பக்கத்தில் நின்றவன் விடவில்லை. "இன்னாடா பேசற? 2008 ஐ-வீடெக் 118 குதிரை. இது 106. ரோட்ல உட்டா தெரிஞ்சிடும்." இருவரும் தீர்ப்பு கேட்பதுபோல என்னைப் பார்த்தார்கள். வீட்டில் எல்லோரும் வண்டியில் ஏறி உட்கார்ந்துவிட்டதால் பதில் சொல்லாமலே கிளம்ப வேண்டியதாயிற்று. அந்தத் தம்பிகளுக்கான பதிலை இங்கே எழுதுகிறேன்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 2000 முதல் 2003 வரை வந்த பழைய வீடெக் பக்கம்தான் நான். குதிரைத்திறன் கணக்கில் 2008-ல் வந்த ஐ-வீடெக் சிட்டி ஜெயித்துவிட்டது, அதில் பேச்சே இல்லை. ஆனால் இந்தச் சண்டையில் யாரும் ரோட்டைப் பற்றிப் பேசுவதில்லை. எந்தக் கார் நல்ல கார் என்பதை எந்த ரோட்டில் வைத்துக் கேட்கிறோம்?

இன்று வேலூரில் ஏறினால் வாணியம்பாடி வரை நடுவில் மீடியன் வைத்த அகலமான ரோடு. 2001-ல் அதற்குப் பெயர் என்எச் 46. போக ஒரு வழி, வர ஒரு வழி, அவ்வளவுதான். ஓரத்தில் புளிய மரங்கள். ராணிப்பேட்டைக்கும் ஆம்பூருக்கும் வாணியம்பாடிக்கும் தோல் ஏற்றிய லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போகும். அவற்றுக்கு நடுவே டிராக்டர், மாட்டு வண்டி, பெங்களூர் பஸ். நான் அப்போது ராணிப்பேட்டையில் ஒரு தோல் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்த புதிது. சாம்பிள் தோல் பையை மடியில் வைத்துக்கொண்டு முதலாளியுடன் ஆம்பூர் போவேன். அவரே ஓட்டுவார். புத்தம் புது சிட்டி வீடெக்.

மாதனூர் பக்கத்தில் ஒரு லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொள்வோம். எதிரே பஸ் வரும். அது கடந்த பிறகு அடுத்த வண்டி வருவதற்குள் கொஞ்சம் இடைவெளி கிடைக்கும். அதற்குள் லாரியைத் தாண்டியாக வேண்டும். முதலாளி நாலாவது கியரிலிருந்து மூன்றுக்கு இறக்கி மிதிப்பார். ஆர்பிஎம் முள் (எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றுகிறது என்று காட்டுவது) 4000 வரை ஏறும், பெரிதாக ஒன்றும் நடக்காது. 5000-ஐ நெருங்கும்போது எஞ்சினின் குரல் மாறும். அதுவரை பேசிக்கொண்டிருந்த ஆள் திடீரென்று தொண்டையைத் திறந்து பாட ஆரம்பித்ததுபோல. முதுகு சீட்டில் அழுந்தும். லாரி பின்னால் போயிருக்கும். முதல் தடவை நான் அந்தப் பையை இறுகப் பிடித்துக்கொண்டேன். கால் நூற்றாண்டு ஆகப்போகிறது, அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

அது எப்படி நடக்கிறது என்று பல வருஷம் கழித்துத்தான் தெரிந்துகொண்டேன். எஞ்சினுக்குள் காற்றும் பெட்ரோலும் போகும் வால்வுகளைத் திறப்பது கேம் ஷாஃப்டில் இருக்கும் மேடுகள். மேடு சின்னதாக இருந்தால் வால்வு கொஞ்சமாகத் திறக்கும். ஊருக்குள் ஓட்ட அதுதான் நல்லது, பெட்ரோலும் மிச்சம். மேடு பெரிதாக இருந்தால் அதிக ஆர்பிஎம்மில் சக்தி கொட்டும், ஆனால் வேலூர் நேஷனல் சிக்னலில் நிற்கும்போது எஞ்சின் திணறும். ஒன்று வேண்டுமென்றால் மற்றதை விட வேண்டும். ஹோண்டா ஒரே ஷாஃப்டில் இரண்டையும் வைத்தது. மெதுவாகப் போகும்போது சின்ன மேடுகள் வால்வைத் திறக்கும், பெரிய மேட்டுக்கு உரிய நடு ராக்கர் (மேட்டின் தள்ளலை வால்வுக்குக் கடத்தும் கை) வெறுமனே ஆடிக்கொண்டிருக்கும். ஆர்பிஎம் ஏறியதும் ஒரு சோலினாய்டு (மின்சாரத்தில் இயங்கும் சின்ன அடைப்பான்) திறந்து, எஞ்சின் ஆயில் அழுத்தத்தோடு பாய்ந்து ஒரு சின்ன பின்னைத் தள்ளும். மூன்று ராக்கர்களும் ஒன்றாகப் பூட்டிக்கொள்ளும். அப்புறம் பெரிய மேடு சொல்வதுதான் சட்டம்.

1989-ல் ஜப்பானில் இன்டெக்ரா காரில் முதன்முதலாக இது வந்தபோது 1.6 லிட்டர் எஞ்சினில் 160 குதிரைத்திறன் எடுத்தார்கள். நம் சிட்டியில் வந்தது அதைவிட எளிய வடிவம், காற்று உள்ளே வரும் வால்வுகளுக்கு மட்டும். இந்தியாவில் சிட்டி முதலில் வந்தது 1998 ஜனவரியில். அதன் 1.5-க்கு 100 குதிரைத்திறன். 2000-ல் வீடெக் வந்தபோது அது 106 ஆனது. ஆறுதானே கூடியிருக்கிறது என்று தோன்றும். அந்த ஆறு எங்கே வந்து சேர்ந்தது என்பதுதான் விஷயம். முள்ளின் மேல்பாதியில், லாரியைத் தாண்டும் அந்தச் சில நொடிகளில். வண்டியின் எடையும் ஒரு டன்னை ஒட்டியதுதான்.

இனி டால்ஃபின். 2003-ல் சிட்டியை முழுக்க மாற்றினார்கள், அந்த மாடலின் செல்லப் பெயர்தான் டால்ஃபின். உயரமான கூரை, கூர்மையான மூக்கு, ஐ-டிஎஸ்ஐ எஞ்சின், 77 குதிரைத்திறன். 106-ஐ ருசித்தவர்களிடம் 77-ஐக் கொடுத்தால் கோபம் வராமல் இருக்குமா? எனக்கும் வந்தது. பழைய வீடெக் வைத்திருப்பவர்கள் டால்ஃபினை இன்றுவரை திட்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள். நான் திட்டுவதை நிறுத்திவிட்டேன். காரணம் என் தம்பி. அவனிடம் இருப்பது டால்ஃபின். காட்பாடியிலிருந்து குடியாத்தம் தினமும் போய் வருகிறான். ஒவ்வொரு ஊரிலும் ஸ்பீடு பிரேக்கர், ஒவ்வொரு முக்கிலும் ஷேர் ஆட்டோ. நான் இரண்டாவது கியருக்கு இறங்கும் இடத்தில் அவன் மூன்றிலேயே இழுத்துக்கொண்டு போவான். அந்த ஐ-டிஎஸ்ஐ எஞ்சினில் ஒரு சிலிண்டருக்கு இரண்டு பிளக், மொத்தம் எட்டு. குறைந்த ஆர்பிஎம்மிலேயே எரிபொருளை நன்றாக எரிப்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. பெட்ரோல் டேங்கை முன்சீட்டுக்கு அடியில் நகர்த்தியதில் பின்சீட்டில் தாராளமாக இடம் கிடைத்தது. எங்கள் அம்மாவுக்கு மூட்டு வலி. என் வண்டியில் குனிந்து இறங்கி உட்கார வேண்டும், தம்பி வண்டியில் நேராக அமரலாம். கோயிலுக்குப் போவதென்றால் தம்பிக்குத்தான் போன் செய்வார். அதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் அதை ஓட்டும்போது எனக்கு வேலையே இல்லாததுபோல இருக்கிறது. ஓட்டுவதில் ஆசை உள்ளவனுக்கு அது பெரிய குறைதான். 2005-ல் அதே உடம்பில் 100 குதிரைத்திறன் வீடெக்கும் வந்தது. ஓட்ட நன்றாகவே இருக்கும், ஆனாலும் பழையதின் குரல் அதில் இல்லை.

இந்த மாற்றம் நடந்த சமயத்தில்தான் நம் ரோடும் மாறியது. தங்க நாற்கரச் சாலைப் பணியில் புளிய மரங்கள் போயின, மீடியன் வந்தது, பள்ளிகொண்டாவில் டோல் வந்தது. எதிரே பஸ் வராது. லாரியைத் தாண்ட மூன்றாவது கியரும் வேண்டாம், 5000 ஆர்பிஎம்மும் வேண்டாம், வலது பக்கம் ஒதுங்கினால் போதும். பழைய வீடெக் எதற்காகப் பிறந்ததோ அந்த வேலையே நம் ஊரில் இல்லாமல் போய்விட்டது. டால்ஃபின் சோப்ளாங்கி என்று சொல்பவர்கள் இதையும் யோசிக்க வேண்டும். மாறிய ரோட்டுக்கு ஏற்ற கார் அது.

உலகம் முழுக்க இந்தச் சண்டை இருக்கிறது. ஹோண்டாவின் எஸ்2000, இரண்டு சீட், திறந்த கூரை. 1999-ல் இரண்டு லிட்டர் எஞ்சினுடன் வந்தது, 9000 ஆர்பிஎம் வரை போகும். 2004-ல் அமெரிக்காவுக்கு 2.2 லிட்டர் வந்தபோது அந்த எல்லை 8000 ஆகக் குறைந்தது. பதிலுக்கு நடு வேகத்தில் இழுவை கூடியது, வளைவில் பின்பக்கம் பிய்த்துக்கொண்டு போகும் குணமும் அடங்கியது. தினமும் ஓட்டப் பின்னதுதான் வசதி என்று சொல்பவர்களும், அந்தக் கடைசி ஆயிரத்துக்காக முன்னதைத் தேடி வாங்குபவர்களும் இன்றும் இருக்கிறார்கள். இரண்டு பக்கமும் அவரவர் ரோட்டைத்தான் பேசுகிறார்கள் என்று எனக்குப் படுகிறது.

ஐ-வீடெக்குக்கு வருகிறேன். மச்சான் வைத்திருப்பது 2009 மாடல். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு ஞாயிறு, மூன்று வண்டிகளையும் எடுத்துக்கொண்டு ஏலகிரி போனோம். பொன்னேரி அடிவாரத்தில் ஆறு மணிக்கு முன்பே சேர்ந்துவிட்டோம். தமிழ்ப் புலவர்கள், வள்ளல்கள் பெயர் தாங்கிய 14 கொண்டை ஊசி வளைவுகள். பந்தயம் எதுவும் இல்லை, அந்த மலையில் அது தப்பு. எதிரே பால் வண்டி வரும், குரங்கு குறுக்கே ஓடும். நிதானமாக ஏறி, பாதியில் நிறுத்தி, சாவியை மாற்றிக்கொண்டோம்.

ஐ-வீடெக்கில் வளைவை முடித்து மிதித்ததும் தயக்கமே இல்லாமல் பாய்ந்தது. என் வண்டியைவிட வேகம்தான். ஆனால் ஸ்டீயரிங் மின்சார மோட்டார் உதவியில் திரும்புவது. முன் டயர் எவ்வளவு பிடித்திருக்கிறது என்பது கைக்கு வரவே இல்லை. பானெட் கண்ணுக்குத் தெரியவில்லை, முன்கண்ணாடி ஓரத்துத் தடித்த தூண் வளைவின் உள்பக்கத்தை மறைத்தது. என் வண்டிக்குத் திரும்பினேன். ஹைட்ராலிக் ஸ்டீயரிங், கொஞ்சம் கனம். ரோட்டில் ஜல்லி கிடந்தால் உள்ளங்கைக்குத் தெரியும். தாழ்ந்த சீட், தாழ்ந்த பானெட், ஒல்லியான தூண்கள், சுற்றிலும் கண்ணாடி. அடுத்த வளைவு முழுசாகக் கண்ணுக்குள் வந்து நிற்கும். இரண்டாவது கியரில் 5000-ஐத் தாண்டும்போது பக்கத்துப் பாறையில் மோதி அந்தக் குரல் திரும்பி வந்தது.

மேலே போய் இறங்கியதும் மச்சான் என் சாவியை உடனே தரவில்லை. "இன்னா மாமா, இவ்ளோ நாள் சொல்லவே இல்ல?" என்றான். அவனிடம் பத்து வருஷமாகச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன்.

திரும்பும்போது நான்கு வழி ரோட்டில் கதை மாறிவிட்டது. மச்சானுடைய வண்டி 100-ல் சத்தமில்லாமல் மிதந்தது, பின்சீட்டில் பிள்ளைகள் தூங்கினார்கள். என் வண்டியில் பக்கத்து சீட்டோடு பேசக் குரலை உயர்த்த வேண்டியிருந்தது. ஆம்பூர் வெயிலில் அவன் ஏசி என் ஏசியை ஒன்றுமில்லாமல் ஆக்கிவிட்டது. வாரம் இரண்டு முறை சென்னை போகிறவர் என்னிடம் கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு ஐ-வீடெக்கைத்தான் சொல்வேன்.

பழையதை வாங்க ஆசைப்படும் தம்பிகள் ஆயிலைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும். சில வருஷத்துக்கு முன் ஒரு ஒர்க் ஷாப்பில் என் வண்டிக்கு ஏதோ தடித்த ஆயிலை ஊற்றிவிட்டார்கள். கொஞ்ச நாளில் வீடெக் திறப்பதே நின்றுவிட்டது. 5000-ஐத் தாண்டினாலும் அதே பழைய குரல். எஞ்சினே போய்விட்டது என்று பயந்தேன். எங்கள் பாய்தான் (முப்பது வருஷமாக ஹோண்டா பார்க்கிறவர்) சோலினாய்டைக் கழற்றி அதன் அடியில் இருக்கும் சின்ன வலையைக் காட்டினார். கரும்பிசின் அடைத்துக் கிடந்தது. "ஆயில் போனாத்தான் தம்பி பின்னு பூட்டும். வழிய அடைச்சா எப்படி?" வலையைச் சுத்தம் செய்து, சரியான ஆயில் ஊற்றி, இரண்டாவது கியரில் அவரே ஓட்டிக் காட்டினார். குரல் திரும்பி வந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

கேம் ஷாஃப்டைச் சுழற்றும் டைமிங் பெல்ட்டையும் மறக்காதீர்கள். டால்ஃபினிலும் ஐ-வீடெக்கிலும் செயின், இதில் ரப்பர் பெல்ட். அறுந்தால் பிஸ்டன் வால்வை வளைத்துவிடும். முந்தைய ஓனர் மாற்றியதாகச் சொன்னாலும் பில் இல்லையென்றால் நீங்களே மாற்றிவிடுங்கள். இப்போது பெட்ரோலில் எத்தனால் 20 சதவீதம், எனவே பழைய ரப்பர் ஹோஸ்களையும் பார்த்து மாற்ற வேண்டும்.

இன்னொன்றைக் கெஞ்சிக் கேட்கிறேன். வாங்கியதும் ஸ்பிரிங்கை வெட்டித் தாழ்த்தாதீர்கள். சைலன்சரை எடுத்துவிட்டு டப்பாவை மாட்டாதீர்கள். அந்த எஞ்சினின் சொந்தக் குரல் அதில் செத்துப்போகும். இந்த மாவட்டத்தில் வெட்டாத, ஒட்டாத வீடெக்கை நான் பார்ப்பது வருஷத்துக்கு வருஷம் குறைந்துகொண்டே வருகிறது. 15 வருஷம் முடிந்த வண்டிக்கு ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும், அந்த அலைச்சலுக்குப் பயந்தே நல்ல வண்டிகளைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடுகிறார்கள். போடும் முன் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள். ஒரு கதவு, ஒரு விளக்கு, எதுவானாலும் இன்னொரு வண்டியைக் காப்பாற்றும்.

மண்டப வாசலில் நின்ற தம்பிகள் இதைப் படித்தால் ஒரு ஞாயிறு சொல்லுங்கள். காலை ஆறுக்கு முன் பொன்னேரி அடிவாரம். ஐ-வீடெக்குக்காகப் பேசிய தம்பி, உன்னிடம் அந்த வண்டி இருந்தால் கொண்டு வா. பாதி மலையில் சாவியை மாற்றிக்கொள்வோம்.