வளவு முழுவதையும் கல்லால் மூடாதீர்கள்

பொங்கல் முடிந்த கையோடு எங்கள் பக்கத்தில் இரண்டு வேலைகள் தொடங்குகின்றன. கத்தரிக்கும் மிளகாய்க்கும் நாற்றுமேடை போடுவது ஒன்று. மழை விட்டுவிட்டதென்று வீட்டு வளவுக்குள் லொறி வந்து, தரையில் பதிக்கிற இன்ரலொக் கல்லை இறக்குவது மற்றது. முதல் வேலை வருடா வருடம் குறைகிறது, இரண்டாவது கூடிக்கொண்டே போகிறது. எனக்கு இது பெரிய கவலை. அதனால் நீளமாகவே எழுதுகிறேன்.

யாழ்ப்பாணத்து உரும்பிராயில் எங்கள் வீட்டிலும் இந்தப் பேச்சு வந்தது. வெளிநாட்டிலிருக்கும் தம்பி, "காசு அனுப்புகிறேன் அக்கா, படலையிலிருந்து கிணற்றடி வரைக்கும் கல் பதித்துவிடுங்கள், அம்மா வழுக்கி விழக்கூடாது" என்றான். அவனுடைய அக்கறையில் பிழையில்லை. மாரியில் செம்மண் காலோடு வீட்டுக்குள் வரும். பூவரசஞ் சருகு கூட்டக் கூட்ட விழும். பாம்புப் பயம் வேறு. இவ்வளவும் பெண்களின் தலையில்தான் விழுகிறது. ஆகவே கல் வேண்டுமென்று கேட்கும் பெண்களைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. கூட்டுகிற வேலையைப் பங்குபோடாத ஆண்களைத்தான் குறைசொல்வேன்.

நாங்கள் படலையிலிருந்து வாசற்படி வரை நடப்பதற்கு மட்டும் கல் பதித்தோம். மிச்சம் மண்ணாகவே இருக்கிறது. காலையில் முற்றம் கூட்டுவது என் கணவர். பின்னேரம் பள்ளிக்கூடத்தால் வந்து கன்றுகளுக்குத் தண்ணீர் விடுவது பிள்ளைகள். குளிக்கிற தண்ணீர் வாழைக்குப் போகிறது.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றுகூட இல்லை. பெரும்பாலும் ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்கிற மழைதான் சுண்ணாம்புக்கல்லுக்குள் இறங்கி, அடியிலுள்ள உப்புநீருக்கு மேல் நன்னீராக நிற்கிறது. நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீரும் ஆழத்தில் உப்புநீரும் இருப்பதைச் சிறுவயதிலேயே கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். அந்த மழை இறங்க மண் வேண்டாமா? வளவுக்குக் கல், ஒழுங்கைக்குக் கொங்கிறீட் என்று போட்டுவிட்டால் பெய்கிற தண்ணீர் வாய்க்காலால் ஓடிக் கடலுக்குத்தான் போகும். கீழே ஊறுவது குறைந்து, மேலே மோட்டர் போட்டு இறைப்பது கூடினால், கிணறு உவராவதற்கு வேறு காரணம் தேடவேண்டியதில்லை.

ரொறன்ரோவில் இருக்கிற என் சித்தியின் மகள் மார்ச் மாதத்தில், வெளியே பனி கிடக்க, யன்னலோரம் சின்னக் கோப்பைகளில் மிளகாய் விதை போடுகிறாள். உறைபனிப் பயம் நீங்கி, மே நடுப்பகுதிக்குப் பிறகுதான் அவள் கன்றை வெளியே நடலாம். இலையுதிர் காலம் வந்ததும் கறிவேப்பிலையைச் சாடியோடு தூக்கி வீட்டுக்குள் வைக்கவேண்டும். ஒரு கத்தரிக்காய் பிஞ்சு பிடித்தால் படம் எடுத்து அனுப்புகிறாள். ஆண்டு முழுவதும் வெயிலுள்ள ஊரில், செம்மண்ணைக் காலடியில் வைத்துக்கொண்டு அதை மூடுகிற எங்களைப் பார்த்து அவள் வருத்தப்படுவது நியாயம்தான்.

தையில் நாற்றுமேடை போட்டால் மாசியில் பிடுங்கி நடலாம். பங்குனி வெயில் ஏறுமுன் வேர் பிடித்துவிட வேண்டும், அதுதான் அவசரம். வெண்டியும் பயிற்றையும் நேரே விதைக்கிறவை. சித்திரைப் புத்தாண்டுக்குக் கத்தரிக்காய்ப் பால்கறி எங்கள் வளவிலிருந்துதான். எங்களிடம் நிற்பது திருநெல்வேலி ஊதா என்கிற கத்தரி இனம். நடுகிற குழிக்குள் பூவரசங் குழையையும் கிளிசரியாக் குழையையும் தாழ்த்தி, மேலே ஆட்டெரு போடுகிறோம். பயிற்றையில் அழுக்கணவன் என்கிற சாறு உறிஞ்சும் பூச்சி பிடித்தால் அடுப்புச் சாம்பல் தூவுகிறோம். கிணற்றடியில் யூரியா கொட்டுவதை நான் ஒருபோதும் ஒப்புக்கொள்ளமாட்டேன். எங்கள் வலிகாமப் பகுதிக் கிணறுகள் பலவற்றில், உரத்திலிருந்து இறங்குகிற நைத்திரேற்று அளவுக்கு மிஞ்சி இருப்பது இங்கே யாருக்கும் புதிய செய்தியில்லை. குடிக்கிற தண்ணீர் அது.

1990களின் போர்க்காலப் பொருளாதாரத் தடையின்போது யூரியாவும் இல்லை, இறைப்புக்கு எரிபொருளும் இல்லை. அப்போது சட்டிக்குள் ஏதாவது விழுந்ததென்றால் முருங்கையும் கீரையும் மரவள்ளியும் வளவில் நின்றதால்தான். 2021இல் இரசாயன உரத்துக்குத் தடை, அடுத்த ஆண்டு நாடே வரிசையில் நின்றது. 2022 ஜூனில் அரசாங்கம், வீட்டில் பயிர் செய்யுங்கள் என்று அரச ஊழியர்களுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை கொடுத்தது. கல் பதித்த வளவில் அந்த வெள்ளிக்கிழமை எதற்கு உதவும்?

அம்மா விதைக்கென்று விடுகிற கத்தரிக்காயைப் பேத்தி தினமும் எண்ணிப் பார்க்கிறாள். அது மஞ்சளாகிப் பழுக்கும் வரை யாரும் தொடக்கூடாது. பிறகு விதையைக் கழுவி, சாம்பலில் பிரட்டி, நிழலில் காயவைத்துப் போத்தலில் அடைப்பதை அவளுக்குக் காட்டிக்கொடுக்கிறார். பாகல் விதையைச் சாணியில் உருட்டிச் சுவரில் அப்புவதும் இப்போது பேத்தியின் வேலை. இதெல்லாம் வகுப்பு வைத்துப் படிப்பிக்கிற காரியமில்லை. மண் கிடந்தால், பெரியவர்கள் பக்கத்தில் இருந்தால், தானாக நடக்கிறது.

இந்தத் தையில் கல் பதிக்க முடிவெடுத்திருப்பவர்கள் கிணற்றடிப் பக்கத்தையும் குசினிக்குப் பின்பக்கத்தையுமாவது விட்டுவிடுங்கள். பத்துக் கத்தரி, நாலு மிளகாய், ஒரு பயிற்றைப் பந்தல், அதற்கு அந்த இடம் போதும். கத்தரி, பாகல், வெண்டி விதை அம்மாவிடம் இருக்கிறது. பக்கத்து ஊர்க்காரர்கள் உள்பெட்டியில் சொல்லுங்கள், எடுத்துவைக்கிறேன். காசு வேண்டாம். அடுத்த தையில் உங்கள் விதையில் ஒரு பிடி கொண்டுவந்து தந்தால் போதும்.