பின்னால் இருப்பவருக்கு என்ன களைப்பு?

(திருகோணமலை, உவர்மலை. கச்சான் காற்று முற்றத்துச் சருகுகளை அள்ளி வீசும் ஒரு மாலைப்பொழுது. ஓய்வுபெற்ற கணித ஆசிரியரான மாமா சாய்மனைக் கதிரையில் இருக்கிறார். மருமகன் மோட்டார் சைக்கிள் செயினுக்கு எண்ணெய் விடுகிறார். கணிதம் கற்பித்தவராயினும் மாமா தமிழாசிரியர்களைவிடச் சுத்தமாகத் தமிழ் பேசுவார். ஆகையால் அவர் முன்னிலையில் மருமகனுக்கும் வேறு வழியில்லை.)

மாமா: மருமகன், நல்லூர்த் தேருக்கு இம்முறை நாம் இருவரும் இந்த மோட்டார் சைக்கிளிலேயே போகிறோம் என்று உம்முடைய மாமியிடம் சொல்லிவிட்டேன். ஹொரவப்பொத்தானை, வவுனியா வழியாக ஒரே மூச்சில் ஓட்டினால் முதல்நாள் மதியத்துக்குள் யாழ்ப்பாணத்தில் நிற்கலாம் அல்லவா?

மருமகன்: 230 கிலோமீற்றருக்கு மேற்பட்ட தூரத்தை ஒரே மூச்சில் ஓட எனக்கு மூச்சு இருக்கலாம், மாமா. ஆனால் சென்ற முறை மட்டக்களப்புக்குப் போனபோது, வாகரையைத் தாண்டிய பிறகு உங்கள் ஹெல்மெட் என் ஹெல்மெட்டில் எத்தனை தரம் இடித்தது என்பது உங்களுக்கு நினைவிருக்கிறதா?

மாமா: வழியில் கோயில்கள் இருந்தன, தலை குனிந்து கும்பிட்டேன்.

மருமகன்: கோயிலே இல்லாத காட்டிலும் கும்பிட்டீர்கள்.

மாமா: கடவுள் காட்டிலும் இருக்கிறார். அது போகட்டும். கைப்பிடியைப் பிடிப்பவரும் நீர், பிரேக்கை மிதிப்பவரும் நீர். பின்னால் அரிசி மூட்டைபோல இருந்து வருபவனுக்கு என்ன களைப்பு வந்துவிடப் போகிறது?

மருமகன்: அரிசி மூட்டைக்குக் கழுத்து இல்லை, மாமா. முன்னால் வரும் பள்ளத்தை நான் கண்டு, முழங்கையைத் தளர்த்தி, உடம்பை ஆயத்தப்படுத்திக்கொள்கிறேன்; என் முதுகைத் தவிர வேறெதையும் காண முடியாத உங்களுக்கோ ஒவ்வொரு பள்ளமும் சொல்லாமல் வருகிற விருந்தாளி. ஆகவே என்னைவிட உங்களுக்குத்தான் முதலில் இடுப்பு விட்டுப்போகும். நீங்கள் களைத்து ஒரு பக்கம் சரிந்தால், அந்தப் பாரத்தை வளைவுக்கு வளைவு நேராக்கியே நானும் களைத்துப்போவேன்.

மாமா: உமக்கும் கண் அயர்ந்தால்?

மருமகன்: 60 கிலோமீற்றர் வேகத்தில் மூன்று விநாடி அயர்ந்தாலே போதும்.

மாமா: 60ஐ 3.6 ஆல் வகுத்தால் விநாடிக்கு 16.67 மீற்றர், மூன்று விநாடிக்கு 50 மீற்றர். (நிமிர்ந்து உட்காருகிறார்.) 50 மீற்றர் தூரம் கண்ணை மூடிக்கொண்டா என்னை ஏற்றிச் சென்றீர்?

மருமகன்: மூடியவர் நீங்கள். உங்களுடைய கணக்கு மீற்றரில் அடங்காது.

(மாமாவுக்கு இந்தப் பதில் பிடிக்கவில்லை என்பதை அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்த விதம் காட்டியது.)

மாமா: சரி. அதிகாலை மூன்று மணிக்கே வெயிலுக்கு முந்திப் புறப்படுவோம்.

மருமகன்: அந்த நேரத்தில் உடம்பு தூங்கத்தான் கேட்கும்; தவிரவும், ஹொரவப்பொத்தானைப் பக்கத்தில் யானை வீதியில் நின்றால் இருட்டில் எங்களுக்குத் தெரியாது. விடிந்து ஆறு மணிக்குப் புறப்பட்டு, மணிக்கு ஒரு தரம் இறங்கி, கை கால் நீட்டி, தண்ணீர் குடித்துப் போனாலும் நண்பகல் தாண்டியவுடன் சேர்ந்துவிடலாம்.

மாமா: களைக்காத போதும் இறங்க வேண்டுமா?

மருமகன்: களைத்தவனுக்குத் தான் களைத்திருப்பது தெரியாது, மாமா. இன்னும் பத்துக் கட்டைதானே என்றுதான் அவனுக்குத் தோன்றும்.

மாமா: தண்ணீர் குடித்தால் அடிக்கடி ஒதுங்க வேண்டி வருமே.

மருமகன்: வரட்டும், அந்தச் சாட்டிலாவது இறங்குவோம். இந்தக் கச்சான் காற்று வியர்வையை நாம் உணருமுன்னரே உலர்த்திவிடுவதால், வியர்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டே உடம்பு வற்றிப்போகும். பிறகு தலையிடியும் தூக்கமும் சேர்ந்து வரும்.

மாமா: கச்சான் என்றதும் முறிகண்டி நினைவுக்கு வருகிறது. அங்கே பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துக் கச்சான் கடலை வாங்காமல் எந்தச் சாரதியும் போவதில்லை. மணிக்கு ஒரு தரம் நிற்க வேண்டும் என்ற உம்முடைய கண்டுபிடிப்பு பிள்ளையாருக்கு முன்னரே தெரிந்திருக்கிறது. வவுனியாவில் சோறும் உண்டா?

மருமகன்: வயிறு நிறையச் சோறு உண்டால், முறிகண்டி வரும்வரை ஒவ்வொரு மரத்தடியும் மெத்தையாகத் தெரியும். இடியப்பம் நான்கு போதும். கண் சொக்கினால் ஒரு பிளேன்டீ குடித்து, உடனே 20 நிமிடம் சாய்ந்து படுப்போம். தேநீர் வேலை செய்யத் தொடங்க ஏறத்தாழ அவ்வளவு நேரம் எடுக்கும் என்பதால், எழும்போது இரண்டின் பலனும் கிடைக்கும்.

மாமா: தேநீர் குடித்துவிட்டுத் தூங்குவதா? அதைத்தான் ஆசிரியர் ஓய்வறையில் 30 ஆண்டுகளாகச் செய்தேன். அதிபர் அதைச் சோம்பல் என்று எழுதி வைத்தார்.

மருமகன்: இன்னுமொன்று. காற்றிரைச்சலில் உங்கள் குரல் எனக்குக் கேட்காது. ஆகையால் தோளில் ஒரு தட்டு என்றால் வேகத்தைக் குறைக்கிறேன். இரண்டு தட்டு என்றால் நிறுத்துகிறேன்.

மாமா: நல்லது. ஆனால் தூக்கம் வராமலிருக்க நான் தேவாரம் பாடுவேன். பாடினால் கை தாளம் போடும்.

மருமகன்: அதனால்தான் மட்டக்களப்புப் பயணத்தில் பதினொரு இடங்களில் நிறுத்தினேன். இம்முறை தாளத்தை உங்கள் தொடையில் போடுங்கள்.

மாமா: தொடையில் எப்படிப் போடுவது? மடியில் தயிர்ச்சட்டி இருக்குமே.

மருமகன்: எந்தத் தயிர்ச்சட்டி?

மாமா: உம்முடைய சித்தி வீட்டுக்கு வெறுங்கையோடு போகலாமா? மூதூரிலிருந்து எருமைத் தயிர் இரண்டு சட்டி சொல்லி வைத்திருக்கிறேன்.

மருமகன்: இரண்டு கையாலும் சட்டியைப் பிடித்தால், என்னை எதனால் தட்டுவீர்கள், எதனால் பிடித்துக்கொள்வீர்கள்? இரண்டு பேருக்காகப் பின் ரயருக்குக் காற்றைக் கூட்டலாம், பின் ஸ்பிரிங்கை இறுக்கலாம். தயிருக்கு என்ன செய்வது? அது பேருந்தில் போகட்டும்.

மாமா: (நெடுநேரம் யோசித்து) தயிர் தனியே போகாது. அதற்குத் துணையாக நான் பேருந்தில் போகிறேன். நீர் மோட்டார் சைக்கிளில் வாரும், நல்லூரில் ஓடித்திரிய எனக்கு வாகனம் வேண்டும்.

மருமகன்: நான் தனியே வந்தால், எனக்குத் தூக்கம் வரும்போது யார் தட்டுவது?

மாமா: மணிக்கு ஒரு தரம் கைபேசியில் அழைப்பேன்.

மருமகன்: ஓடும்போது எடுக்க மாட்டேன்.

மாமா: எடுக்காவிட்டால் ஓடுகிறீர் என்று அறிவேன், எடுத்தால் நிழலில் நிற்கிறீர் என்று அறிவேன்.

மருமகன்: எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் சரி என்றால், அழைப்பது எதற்கு, மாமா?

மாமா: நான் தூங்கிவிட்டால் தயிரை யார் பார்ப்பது?