பூண்டுப்பல் ஆடுகள்

கொடைக்கானல் மலையிலுள்ள பூம்பாறையில் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் மதியம் மூன்று மணிக்கே விளக்குப் போட வேண்டும். கரண்டும் போய்விட்டால், அப்பத்தா அடுப்பிலிருந்து ஒரு கரித்துண்டை எடுத்துச் சிமெண்டுத் தரையில் கோடு இழுப்பார். உச்சியில் ஒரு புள்ளி, கீழே விரியும் கோடுகள், குறுக்கே கோடுகள். மொத்தம் 23 இடம். மலைப்பூண்டில் 15 பல் எடுத்தால் ஆடுகள், மூன்று பட்டர் பீன்ஸ் கொட்டை புலிகள். ஆடுபுலி ஆட்டம் தயார்.

இத்தனை தலைமுறை இந்த ஆட்டம் நின்றதற்குக் காரணம் அதன் சமமின்மைதான் என்பேன். சதுரங்கத்தில் இரண்டு பக்கமும் ஒரே படை. இதில் பாய்ச்சல் புலிக்கு மட்டும், ஆட்டுக்கு இருப்பது எண்ணிக்கை. 15 ஆட்டையும் இறக்கும்வரை, வைத்த ஆட்டை நகர்த்தக் கூடாது. புலியோ ஆரம்பத்திலிருந்தே அலையும். ஆட்டுக்கு நேர்பின்னால் காலி இடம் இருந்தால் தாண்டி வெட்டிவிடும். தாயம் போல விழுந்த எண்ணைக் குறை சொல்லவும் வழியில்லை, இங்கே கட்டையே கிடையாது.

சின்ன வயதில் எனக்குப் புலிதான் வேண்டும். அப்பத்தா மறுக்காமல் ஆட்டை எடுத்துக்கொள்வார். ஓரத்திலிருந்து ஒவ்வொன்றாக, பின்னால் இடம் விடாமல் வைப்பார். நான் இரண்டு மூன்றை வெட்டிவிட்டுக் குதிப்பேன். "வெட்டு சாமி" என்பார். கொஞ்ச நேரத்தில் என் புலிகளுக்குக் கால் வைக்க இடம் இருக்காது. புலியை மூலைக்கு இழுக்கவே ஒரு ஆட்டை அவர் வேண்டுமென்றே விட்டுக்கொடுத்தார் என்பது எனக்குப் புரியவே சில வருடம் ஆனது.

செல்போனிலும் இந்த ஆட்டம் வந்துவிட்டது, விளையாடிப் பார்த்தேன். எதிராளியின் கை ஒரு புள்ளிக்கு மேல் தயங்கி நிற்பதை அதில் பார்க்க முடியவில்லை. எனக்குப் பாதி ஆட்டமே அந்தத் தயக்கத்தில்தான் இருக்கிறது. பழைய கோயில் கல்தளங்களில் இந்தக் கட்டம் செதுக்கியிருப்பதைப் பார்க்கும்போதெல்லாம், எதிரெதிரே குந்தியிருந்த இரண்டு பேர்தான் நினைவுக்கு வருகிறார்கள். பெட்டியில் வரும் ஆட்டங்களையும் பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுங்கள், தப்பில்லை. ஆனால் இதையும் ஒருமுறை கோடு போட்டுக் காட்டுங்கள்.

இப்போது எங்கள் வீட்டிலும் டைல்ஸ் தரை, கரி ஒட்டாது. பழைய காலண்டர் அட்டையின் பின்பக்கம் வரைந்து வைத்திருக்கிறேன். போன வாரம் மழையில் மகள் தானாகவே ஆட்டுப் பக்கம் கேட்டாள். ஒன்பது வயது. இரண்டு ஆட்டைத்தான் இழந்தாள். கடைசிப் புலியும் உச்சியில் மாட்டியதும், "அப்பா, இன்னும் எங்க நகர்த்துவீங்க?" என்றாள். நகர்த்த இடமே இல்லை. பூண்டைப் பொறுக்கி அவளே ரசத்துக்குக் கொடுத்தாள்.