ஜாயினில் நல் வந்தால் ஷேப்ஃபைல் பழுது அல்ல

கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில், வரைபட வடிவங்கள் உள்ள கோப்போடு (ஷேப்ஃபைல்) ஓர் அட்டவணையைப் பொதுவான குறியீட்டால் இணைப்பதுதான் ஜாயின். "ஜாயின் செய்தபின் பாதி வரிசைகள் நல் (வெற்று மதிப்பு) என வந்தால் ஷேப்ஃபைல் கெட்டுவிட்டது, மறுபடி வரையுங்கள்" என்று சொல்வது தவறு. வீண் வேலை வேறு. வடிவங்கள் ஒழுங்காகத் தெரிகிறதென்றால் பார்க்க வேண்டியது குறியீட்டுப் பத்தியை.

அட்டவணை உள்ள சிஎஸ்வி (காற்புள்ளியால் பிரித்த) கோப்பை கியூஜிஐஎஸ் திறக்கும்போது தரவு வகையைத் தானே ஊகித்து 007-ஐ 7 ஆக்கிவிடும். ஷேப்ஃபைலில் அது எழுத்தாக '007' என்றே இருக்கும், எப்படிப் பொருந்தும்? 100-உம் அதைவிடப் பெரிய எண்களும் உள்ள குறியீடுகள் மட்டும் பொருந்தியிருந்தால் சந்தேகமே வேண்டாம், இதுதான் காரணம். சிஎஸ்வி ஏற்றும் டிலிமிட்டட் டெக்ஸ்ட் சாளரத்தில் 'டிடெக்ட் ஃபீல்ட் டைப்ஸ்' டிக்கை எடுத்துவிட்டு மறுபடி ஏற்றுங்கள். எக்செல்லில் சேமித்த கோப்பென்றால் முன்னால் உள்ள சுழியங்கள் முன்பே போயிருக்கலாம். அப்போது ஃபீல்ட் கால்குலேட்டரில் (பத்தி மதிப்புகளைக் கணக்கிடும் கருவி) புதிய டெக்ஸ்ட் பத்தி போட்டு, முன்னால் சுழியம் சேர்க்கும் எல்பேட் கொண்டு 3 இலக்கமாக நிரப்புங்கள். குறியீட்டின் முன்னும் பின்னும் ஒட்டிக்கொண்ட இடைவெளிகளை நீக்க டிரிம் போதும்.