விலா எலும்பு முறிந்தவர் எப்படி உறங்குவது?

கையோ காலோ முறிந்தால் மாவுக்கட்டுப் போட்டு அசையாமல் வைத்துவிடலாம். விலா எலும்புக்கு அந்த வழி கிடையாது. மூச்சு விடும்போதெல்லாம் அது அசைந்தே தீரும் என்பதால், இருமினாலும் தும்மினாலும் புரண்டாலும் வலிதான். அதிலும் இரவு மிகக் கொடியது. ஆனால் நம் மதுரைப் பக்கத்தில் விலா முறிவோடு வீடு திரும்புகிறவர் பெரும்பாலும் கேட்டு வருவது ஒரே வரிதான்: "நல்லா ரெஸ்ட் எடுங்க, 6 வாரத்துல சரியாயிரும்." அந்த 6 வாரமும் எப்படிப் படுப்பது என்பதை மருந்துச் சீட்டோடு எழுதித் தர வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

திருமங்கலம் சாலையில் பைக்கிலிருந்து விழுந்த என் பெரியப்பாவுக்கு இடப்பக்க விலாவில் முறிவு. பார்க்க வந்த உறவினர்கள் அன்போடுதான் சொன்னார்கள்: "மல்லாக்கப் படுங்க மாமா, அப்பத்தான் எலும்பு கூடும்." மார்பைச் சுற்றி இறுக்கிக் கட்டுப் போடவும் சொன்னார்கள். இந்த இரண்டு யோசனைகளும் அவருக்கு உதவாதவை. மார்பை இறுக்கிக் கட்டும் வழக்கம் முன்பு ஆங்கில மருத்துவத்திலும் இருந்தது. அது மூச்சை ஆழமாக இழுக்க விடாது என்பதால் கைவிட்டார்கள். வலிக்குப் பயந்து மேலோட்டமாக மூச்சு விடுகிறவருக்கு நுரையீரலின் அடிப்பகுதி சரியாக விரியாமல் சளி தேங்கும், அது நிமோனியாவில் கொண்டுபோய் விடும். வயதானவர்களுக்குப் பல நேரங்களில் முறிவைவிட இதுதான் பெரிய ஆபத்து.

முதல் சில இரவுகளுக்குச் சாய்ந்த நிலையில் உறங்குவதே பலருக்கும் எளிது. வீட்டில் ஈசிசேர் இருந்தால் போதும். இல்லையென்றால் கட்டிலின் தலைமாட்டில் தலையணைகளை அடுக்கிச் சாய்ந்துகொண்டு, முழங்காலுக்கு அடியில் ஒரு போர்வையை மடித்து வைத்தால் உடல் கீழே சரியாது. போடிப் பக்கத்து இலவம்பஞ்சைக் கெட்டியாக அடைத்த தலையணைகள் இதற்கு மிகவும் ஏற்றவை, அவை எளிதில் அமுங்குவதில்லை. தரையில் பாய் விரிப்பதைச் சில வாரங்களுக்கு மறந்துவிட வேண்டும். படுப்பதைவிடத் தரையிலிருந்து எழுவதுதான் உயிரை வாங்கும். கட்டிலிலிருந்தும் நேராக எழக் கூடாது. முழங்காலை மடக்கி, உடல் முழுவதையும் ஒன்றாகப் பக்கவாட்டில் திருப்பி, காலைக் கீழே தொங்கவிட்டு, கையை ஊன்றி எழ வேண்டும். வலி சற்று அடங்கிய பிறகு, மருத்துவர் சரி என்றால், அடிபட்ட பக்கமாகவே ஒருக்களித்துப் படுத்துப் பார்க்கலாம். கேட்பதற்கு முரணாகத் தோன்றும். ஆனால் நல்ல பக்கம் தடையின்றி விரிவதால் சிலருக்கு மூச்சு விடுவது எளிதாகிறது.

வலி மாத்திரையை வலி முற்றிய பிறகு விழுங்குவதில் பயனில்லை. எழுதித் தந்த அளவில், படுப்பதற்குச் சற்று முன்பே போட வேண்டும். வயிற்றுப்புண்ணோ சிறுநீரகக் கோளாறோ உள்ளவர்கள் கடையில் தாங்களாகவே மாத்திரை வாங்கக் கூடாது. விழித்திருக்கும்போது மணிக்கு ஒருமுறை, பத்து தடவை ஆழமாக மூச்சை இழுத்து விட வேண்டும். இருமல் வந்தால் அடக்காமல், ஒரு தலையணையை விலாவோடு அணைத்துக்கொண்டு இரும வேண்டும்.

தை மாதத்தில் அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் வாடிவாசல்களில் மாடு பிடிக்கும் தம்பிகளுக்கும் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. மெல்லிய விரிசல் எக்ஸ்ரேயில் தெரியாமலும் போகும். தெரியவில்லை என்பதற்காக வலியைப் பொறுத்துக்கொண்டு உறங்காமல் கிடப்பது வீரமாகாது. மூச்சுத் திணறல், காய்ச்சல், சளியில் இரத்தம் ஆகியவற்றில் எது வந்தாலும், இடப்பக்கக் கீழ் விலாவில் அடிபட்டவருக்கு வயிற்றிலோ இடது தோளிலோ வலி கண்டு தலை சுற்றினாலும், அது மண்ணீரல் காயமாக இருக்கக்கூடும் என்பதால், விடியட்டும் என்று காத்திராமல் அந்த இரவிலேயே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.