தூக்கிவிட ஆள் இருக்கு, போக வழிதான் இல்லை

இலங்கையின் கிழக்கே மட்டக்களப்பு மாவட்டத்தில் இருக்கும் பாசிக்குடாக் கடற்கரையைப் பற்றி எல்லாரும் சொல்வது, கரையிலிருந்து எவ்வளவு தூரம் நடந்து போனாலும் தண்ணீர் இடுப்பளவுதான் என்று. பெரிய அலையும் கிடையாது. கால் ஊன்ற முடியாத ஒருவர் கடலில் இறங்குவதற்கு இதைவிடத் தோதான இடம் நான் பார்த்ததில்லை. ஆனால் அந்தத் தண்ணீரைத் தொட மணலைக் கடக்க வேண்டுமே. வீல்செயாரின் முன்சக்கரங்கள் சின்னவை, மணலில் இறங்கிய உடனே புதைந்துவிடும். நாற்காலியைத் திருப்பிப் பின்பக்கமாக இழுத்தால் கொஞ்சம் நகரும். ஈர மணலுக்கு வந்து சேர்வதற்குள் இழுக்கிறவருக்கு மூச்சு வாங்கிவிடும்.

என் மச்சானுக்கு விபத்தில் முள்ளந்தண்டு அடிபட்டது. இடுப்புக்குக் கீழே உணர்வில்லை, கைகள் இரண்டிலும் நல்ல பலம். சமதரை என்றால் நம்மை முந்திக்கொண்டு போய்விடுவார். அவரோடு எங்கே போனாலும் படி வந்ததும் நாலு பேர் ஓடி வருவார்கள். "பொறுங்க அண்ணன், தூக்கி விடுறம்." மட்டக்களப்பு மக்களின் மனசு அது, குறை சொல்ல வரவில்லை. ஆனால் அவசரத்தில் கைபிடியில் பிடித்துத் தூக்குவார்கள், அது கழன்று கையோடு வரும். நாற்காலியின் சட்டகத்தில்தான் பிடிக்க வேண்டும் என்று மச்சான் ஒவ்வொரு தடவையும் சொல்ல வேண்டும். ஏறும்போது நன்றி, இறங்கும்போது மறுபடி நன்றி. "எல்லாரும் நல்ல மனுசர்தான். ஆனா நாலு பேரைக் கும்பிட்டுத்தான் நான் கடலைப் பார்க்கணுமா?" என்று ஒருநாள் கேட்டார். நம் ஊரில் உதவிக்கு ஆள் கிடைப்பதாலேயே வழி போடும் எண்ணம் யாருக்கும் வராமல் போகிறதோ என்று அன்றிலிருந்து எனக்குத் தோன்றிக்கொண்டே இருக்கிறது.

கழிவறை விஷயம் இதைவிட மோசம். வெளியே போகும் நாளுக்கு முதல்நாள் இரவே மச்சான் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துவிடுவார், நம்முடைய வெயிலில்! முள்ளந்தண்டு அடிபட்டவர்களுக்கு சிறுநீர்த் தொற்று சும்மாவே அடிக்கடி வரும். அப்படியிருந்தும் அதைச் செய்கிறார், ஏனென்றால் போகிற இடத்தில் உள்ளே நுழைய முடியுமா என்று தெரியாது. ஒரு தங்குமிடத்துக்கு முன்கூட்டியே போன் பண்ணிக் கேட்டோம். "வீல்செயார் தாராளமா வரும், சின்னப் படி ஒன்றுதான்" என்றார்கள். அறைக்குள் வந்தது. குளியலறை வாசல் நாற்காலியைவிட ஒடுக்கம். அந்த இரவை எப்படிச் சமாளித்தோம் என்பதை இங்கே எழுத எனக்கு விருப்பமில்லை, அது அவருடைய மானம்.

வீல்செயார் ஏறுவதற்கான சாய்தளம் இருக்கும் இடங்களிலும் பாதி பெயருக்குத்தான். 1 அடி உயரம் ஏற 12 அடி நீளம் வேண்டும் என்பது பல நாடுகளிலும் உள்ள கணக்கு. மூன்று படி, அதாவது ஒன்றரை அடி உயரம் என்றால் 18 அடி. நம்மவர்கள் படிக்குப் பக்கத்தில் செங்குத்தாக சிமெந்தைப் பூசிவிட்டு, அதன் வாயிலேயே மோட்டார் சைக்கிளையும் நிறுத்திவிடுகிறார்கள். அதில் தனியாக இறங்கினால் முகம் குப்புற விழ வேண்டியதுதான்.

சட்டம் இல்லை என்று சொல்ல முடியாது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்க 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. பொதுக் கட்டடங்களுக்குள் அவர்கள் போய்வரும் வசதி, அதாவது அணுகும் வசதி பற்றிய ஒழுங்குவிதிகள் 2006 இல் வந்தன. அந்த வசதியைச் செய்ய வேண்டும் என்று 2011 இல் உயர் நீதிமன்றமும் உத்தரவு போட்டது. 2016 இல் மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐ.நா. உடன்படிக்கையை இலங்கை ஏற்றும் கொண்டது. யுத்தமும் சுனாமியும் கண்ட கிழக்கில் இதை யாருக்கும் விளக்கிச் சொல்லத் தேவையும் இல்லை. நடக்க முடியாத ஒருவராவது இல்லாத குடும்பம் எது?

செய்ய முடியாத வேலையா? சென்னை மெரினாவில் 2022 நவம்பரில் மணலுக்கு மேலே கடல் பக்கம் வரை மரப்பாதை போட்டார்கள். அடுத்த மாதமே புயல் அதைச் சேதமாக்கியது, பிறகு சரி செய்தார்கள். பாசிக்குடாவுக்கு அவ்வளவு பெரிதாகக் கூடத் தேவையில்லை. சுருட்டி எடுக்கக்கூடிய தடித்த பாய்விரிப்பு, மணலில் புதையாத அகலமான டயர் போட்ட ஒரு நாற்காலி, அகலக் கதவோடு ஒரு கழிவறை. இந்த மூன்றில் முதலில் கழிவறையைக் கட்டுங்கள் என்பேன். அது இருந்தால்தான் மற்ற இரண்டும் பிரயோசனப்படும்.

மச்சானுக்குப் பிடித்த இடம் மட்டக்களப்பு வாவிக்கு மேலே இருக்கும் கல்லடிப் பழைய பாலம். பின்னேரம் வாவிக் காற்று வாங்கிக்கொண்டு தன்பாட்டுக்கு உருட்டிக்கொண்டு போவார். தூண்டில் போடுகிறவர்களோடு நின்று கதைப்பார். அங்கே அவரை யாரும் தூக்க வருவதில்லை.

பாசிக்குடா, கல்லடி, அறுகம்குடாப் பக்கம் தங்குமிடம் நடத்துகிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். குளியலறைக் கதவை முழுதாகத் திறந்து, வாசலில் அளவு டேப்பைப் பிடித்து ஒரு படம் எடுத்துப் போடுங்கள். வாசலில் எத்தனை படி என்றும் எழுதுங்கள். சித்திரை லீவுக்கு நாங்கள் குடும்பமாகப் போக இருக்கிறோம். எங்கே தங்குவது என்பதை அந்தப் படங்களைப் பார்த்துத்தான் முடிவெடுப்போம்.