மணி ஆறுதான், நாய்க்கு ஏழு

வட அமெரிக்கா, ஐரோப்பா பக்கம் வசந்தத்தில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி, இலையுதிர் காலத்தில் திரும்பப் பின்னால் தள்ளுவார்கள். அப்படிப் பின்னால் தள்ளுகிற அந்த ஞாயிறு வந்தால் போதும், நாய் வளர்க்கும் நண்பர்களிடமிருந்து ஒரே புலம்பல். "இன்னும் ஒரு மணி நேரம் தூங்கலாம்னு பார்த்தா விடாம எழுப்பிருச்சு, சரியான சேட்டை!"

சேட்டை எல்லாம் இல்லை. நேற்று ஏழு மணிக்குப் பசித்த வயிறு இன்றும் அதே நேரத்தில்தான் பசிக்கிறது. சுவரில் முள் ஆறைக் காட்டினால் அதற்கு நாயா பொறுப்பு? நாயின் உடம்பு நேரம் பார்ப்பது வெளிச்சத்தையும் சாப்பாட்டையும் வீட்டுக்காரர்களின் நடமாட்டத்தையும் வைத்து. சூரியன் அந்த ஞாயிறு எதையும் மாற்றிக்கொள்வதில்லை. மாறுவது நாம் மட்டும்தான். ஆகவே மாற்ற வேண்டியதும் நம் கையில் இருக்கிற சாப்பாட்டு நேரம், வாக்கிங் நேரம், படுக்கும் நேரம் இவற்றைத்தான்.

வட அமெரிக்காவின் பெரும்பகுதியில் மார்ச் இரண்டாம் ஞாயிறும் நவம்பர் முதல் ஞாயிறும் மாற்றம். ஐரோப்பாவில் மார்ச், அக்டோபர் மாதங்களின் கடைசி ஞாயிறு. எந்த ஊராக இருந்தாலும் அதற்கு முந்தைய திங்கட்கிழமையே தொடங்கிவிடுங்கள்.

பலர் குழம்புவது எந்தப் பக்கம் நகர்த்துவது என்பதில். கடிகாரம் பின்னால் போகும்போது சாப்பாட்டைத் தள்ளிப்போட வேண்டும். காலை 7 மணிக்குச் சாப்பிடும் நாய்க்குத் திங்கள் 7.10, செவ்வாய் 7.20 என்று தினம் 10 நிமிடம் நகர்த்தினால் சனிக்கிழமை 8 மணிக்கு வந்து நிற்கும். ஞாயிறு அதே நேரம் புதுக் கடிகாரத்தில் 7. வசந்தத்தில் இதற்கு நேர் எதிர்: திங்கள் 6.50 தொடங்கி சனி 6.00. இரவுச் சாப்பாடும் கடைசியாக வெளியே கூட்டிப்போவதும் கூடவே நகர வேண்டும். காலையை மட்டும் நகர்த்திவிட்டு "பலிக்கலையே" என்றால் எப்படிப் பலிக்கும்? இரவில் ஒன்றுக்குப் போன நேரம் பழையதாகவே இருந்தால் மூத்திரப்பை பழைய நேரத்துக்கு எழுப்பத்தான் செய்யும்.

மறந்தே போய்விட்டதா? ஞாயிறு காலையிலிருந்து ஆரம்பிக்கலாம். இலையுதிர் காலம் என்றால் புதுக் கடிகாரப்படி 6.10, மறுநாள் 6.20... வெள்ளிக்கிழமை 7 மணிக்கு வந்துவிடும்.

எல்லாவற்றையும் கெடுப்பது ஒரே ஒரு காரியம்: குரைத்தவுடன் எழுந்துபோய்க் கிண்ணத்தை நிரப்புவது. இரண்டு நாள் செய்தால் போதும், குரைத்தால் சோறு என்று நாய் கணக்குப் போட்டுவிடும். அவசரமாகப் போக வேண்டும்போல் இருந்தால் விளக்கு அதிகம் போடாமல், பேச்சுக் கொடுக்காமல் வெளியே விட்டு, திரும்பக் கொண்டுவந்து படுக்க வையுங்கள். சாப்பாடு குறித்த நேரத்துக்குத்தான். சில நாய்கள் வெறும் வயிற்றில் அதிகாலையில் மஞ்சள் நுரையாக வாந்தி எடுக்கும், அது பித்தநீர். அப்படிப்பட்டதற்கு அன்றைய அளவிலிருந்தே ஒரு கைப்பிடியை எடுத்துவைத்து, படுக்கப்போகும் முன் கொடுங்கள்.

ஆரோக்கியமான வளர்ந்த நாய்க்கு இவ்வளவு கெடுபிடி தேவையே இல்லை என்பது என் கட்சி. வார இறுதியில் தாமதமாக எழும் வீட்டு நாய்க்கு ஒரு மணி நேரம் முன்னே பின்னே ஆவது பழகின சங்கதி. நிஜமாகக் கவனம் வேண்டியவை வேறு.

முதலாவது, இன்சுலின் போடும் நாய். 12 மணி நேரத்துக்கு ஒரு தரம் ஊசி என்றால் சாப்பாடும் ஊசியும் சேர்ந்தே நகர வேண்டும். வசந்தத்தில் தினம் 10 நிமிடம் முன்னால் கொண்டுவந்தால் இரவு ஊசிக்கும் மறுநாள் காலை ஊசிக்கும் நடுவே 11 மணி நேரம் 50 நிமிடம். அதுவே ஒரேயடியாக மாற்றினால் 11 மணி நேரம்தான். நாமாக முடிவு செய்யாமல் எப்படி நகர்த்துவது என்று முந்தைய வாரமே மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள். ஊசிகள் நெருங்கினால் சர்க்கரை இறங்கலாம். தள்ளாட்டம், நடுக்கம், வலிப்பு வந்தால் அது அவசரம். வலிப்பு மாத்திரை சாப்பிடும் நாய்க்கும் இப்படியே கேட்டுச் செய்யுங்கள்.

அடுத்து குட்டிகள். அவற்றால் அடக்க முடியாது. தள்ளிப்போட்டால் தரைதான் நனையும். வயதாகி மூளை தளர்ந்த நாய்களுக்கு இருட்டத் தொடங்கும் நேரமே தொல்லை. அறைக்குள் சுற்றிச் சுற்றி வரும், மூலையில் போய் முட்டிக்கொண்டு நிற்கும். வெளியே வெளிச்சம் குறையும் முன்பே வீட்டில் விளக்கைப் போட்டுவிட்டால் ஓரளவு அமைதியாக இருக்கும்.

கடிகாரம் பின்னால் போனதும் மாலை வாக்கிங் திடீரென்று இருட்டில் விழும். ஒளி பிரதிபலிக்கும் பட்டையும் கழுத்தில் மாட்டும் சின்ன விளக்கும் நாய்க்கு. உங்கள் கறுப்புக் கோட்டுக்கும் ஒரு பட்டை வேண்டும், காரோட்டிக்கு நாய் மட்டும் தெரிந்து என்ன பயன்?

குறித்த நேரத்தில் தானாகத் தீனி கொட்டும் ஆட்டோ ஃபீடர் வைத்திருப்பவர்கள் சனிக்கிழமை இரவே அதன் நேரத்தைப் பாருங்கள். வைஃபையில் இருப்பது பெரும்பாலும் தானாக மாறிக்கொள்ளும். பேட்டரியில் ஓடுவது பழைய நேரத்திலேயே கொட்டும். ஆறு நாள் மெதுவாக நகர்த்திவந்த ஃபீடர் நேரத்தைப் புது மணிக்குத் திருத்த மறந்தால் வைஃபை ஃபீடர் ஞாயிறன்று ஒரு மணி நேரம் தப்பாகக் கொட்டிவைக்கும்.